ஆயிரத்து இருபத்து நாலு

ஆறாம் நாள் காலை
குமிழி நின்றுவிட்டது.

இருபது லிட்டர் தண்ணீர் கேன்,
மூடியில் ஓட்டை,
ஓட்டையில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப்,
டியூபின் மறுமுனை ஊறுகாய் பாட்டில் தண்ணீருக்குள்.
நேற்றுவரை அங்கே ஒரு தவளை இருந்தது,
ளொப், ளொப் என்று.

மிதவையை விட்டுப் பார்த்தேன்.
ஆயிரத்து இருபத்து நாலு.
மறுநாளும் அதே கோட்டில் கழுத்தளவு நின்றது.
பத்துக்காவது இறங்கினால்தான் பீர்.
இல்லாவிட்டால் சர்க்கரைத் தண்ணி.

கீழே எக்ஸ்பிரஸ் ரோட்டில்
துறைமுகத்துக்குள் போக நிற்கும் கன்டெய்னர்கள்
திருவொற்றியூர் தாண்டி.
டயர் நிழலில் ஸ்டவ் பற்றவைத்து
டிரைவர்கள் சோறு வடிக்கிறார்கள்.
நகரும்போது நகரும் என்பது
அவர்களுக்குப் பழகிவிட்டது.

எனக்குப் பழகவில்லை.
கேனை இடுப்பில் தூக்கி ஆட்டினேன்.
மழைக்குளிர்தான் என்று போர்வை சுற்றி
இன்வெர்ட்டர் பாட்டரியோடு ஒட்டி வைத்தேன்.
பேக்கரியில் போய் இரண்டு ஸ்பூன் ஈஸ்ட் கேட்டேன்.
"பன்னுக்கா, பிரெட்டுக்கா?"
"பரோட்டாவுக்கு" என்று உளறினேன்.
கொட்டியதும் கொஞ்சம் நுரைத்தது,
வீட்டுக்கு வந்தவர் முகத்துக்காகச் சிரிப்பதுபோல.
அப்புறம் அதுவும் இல்லை.

அதே சமையல்கட்டில், அதே ராத்திரி,
யாரும் கேட்காமலே
தோசை மாவு பொங்கி, தட்டைத் தள்ளி,
மேடையெல்லாம் வழிந்து
அடுப்புக்கடி வரை போயிருந்தது.
துடைத்துக்கொண்டே திட்டினேன்,
மாவை அல்ல.

எதிர்வீட்டு நூக்கம்மா அக்கா
கதவிடுக்கில் மூக்கை வைத்து,
"இன்னாப்பா, மாவு ரொம்பப் புளிச்சிடுச்சா?"
"ஆமாக்கா."
பாதி உண்மைதான்.

அஸும்தா நைட் டியூட்டி முடித்து வந்தாள்.
தோள்பையை இறக்கவில்லை.
டியூபை விரலால் ரெண்டு சுண்டு சுண்டி
வாட்சைப் பார்த்து
ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினாள்,
வார்டில் சொட்டு எண்ணுகிற மாதிரி.
"உயிர் இருக்கு. சாப்பிட மாட்டேங்குது.
இன்னா குடுத்தே அதுக்கு?"

கொடுத்ததைச் சொன்னேன்:
கொத்தவால்சாவடியில் வாங்கிய உமி போகாத பார்லி,
மொட்டைமாடியில் காக்கா விரட்டி முளைகட்டி,
காயவைத்து, நொறுக்கி,
வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறியது.
அறுபத்தேழு. ஒரு டிகிரி பிசகவில்லை.
பதினெட்டு வருஷமாக இறால் கன்டெய்னருக்குக்
குளிர் பார்த்துக் கொடுக்கிற மெக்கானிக் நான்.
டிகிரியில் என்னையா கேட்கிறாய்?

"எந்த தர்மாமீட்டர்?" என்றாள்.

டீக்குக் கொதித்த தண்ணீரில் முக்கினேன்.
தளதளவென்று கொதிக்கிறது.
முள் தொண்ணூற்று நாலில்.
இங்கிருந்து எச்சில் துப்பினால் கடலில் விழும்,
இமயமலையா இது?

யார்டில் கழித்துக் குப்பையில் போட்டதை
நல்லாத்தானே இருக்கு என்று
டிபன் பையில் போட்டு வந்தது நான்தான்.

அப்படியென்றால் அறுபத்தேழு இல்லை, எழுபத்து மூணு.
அந்தச் சூட்டில் சர்க்கரை துண்டுபடாமல்
நீளநீளமாகவே தங்கிவிடும்.
ஈஸ்ட்டின் வாய்க்குள் நுழையாது.
முழுக் கருவாட்டை முள்ளோடு
பல் முளைக்காத பிள்ளை முன்னால் வைத்துவிட்டு
ஒரு வாரமாகத்
தின்னு தின்னு என்று முதுகில் தட்டியிருக்கிறேன்.
சோம்பேறி என்றேன்.
பொட்டலம் அனுப்பிய பெங்களூர்க்காரனைப்
பொய்யன் என்றேன்.

ஆளுக்கு அரை டம்ளர் ஊற்றினேன்.
தித்திப்பு. அடியில் கருகிய வெல்லத்தின் கசப்பு.
"பார்லி கஞ்சி. நீர்க்கடுப்புக்கு நல்லது" என்றாள்.
டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

ரோட்டில் ஏதோ லாரி உறுமி,
ஒரு வண்டி நீளம் நகர்ந்து,
நின்றது.

தர்மாமீட்டரை ஜன்னல் வழியே எறியப் போனேன்.
பிடுங்கிக்கொண்டாள்.
மருந்து பாட்டிலில் தேதி எழுதும் கறுப்பு மார்க்கரால்
அதன் முதுகில் எழுதி ஆணியில் மாட்டினாள்:
ஆறு கூட்டவும்.

மறுபடி பார்லி ஊறுகிறது.
நாளை மாடியில் காயப் போட வேண்டும்.
காக்காய்க்கு எப்படியோ
இப்போதே தெரிந்துவிட்டது.