திருத்தம்

நாற்பது சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்றார் அபர்ணா ஹெக்டே.
துறை இதழின் நாலாம் பக்கம், கீழே, இடது மூலை.
இது அதைவிட நீளம்.
அச்சுக்குப் போகாது.

இந்திரா நகர், மாடி பார், நவம்பர் வெள்ளி.
'ஈரச் செங்கல்' என்றொரு இசைக்குழு.
எட்டரைக்கு ஆரம்பம்.
எட்டரைக்கு நான் பொம்மனஹள்ளியில்,
ஓசூரிலிருந்து வந்த பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நிற்கிறேன்.
மழை. முன்னால் ஒரு சிமெண்ட் லாரி.
கண்டக்டர் இறங்கிப்போய் டீ குடித்துவிட்டே வந்தார்.

உள்ளே நுழையும்போது நாலாவது பாட்டு.
மேடையோரம் தரையில் ஒட்டியிருந்த பாட்டுப் பட்டியலைப்
போனில் படமெடுத்துக்கொண்டேன்.
முதல் மூன்றையும் அதிலிருந்துதான் கேட்டேன்.

கேட்டேன் என்றா எழுதினேன்?
ஆமாம்.
'மூன்றாவது பாட்டில் குரல் லேசாகக் களைக்கிறது,
அந்தக் களைப்பே அதற்கு அழகு.'
இங்கிலீஷில் எழுதும்போது
பொய்யும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்காருகிறது.
பத்துக்கு எட்டரை.
ஓரத்தில் சிவப்பு மையில்: நல்ல காது.

செவ்வாய்க்கிழமை, பேஸ் வாசிக்கிற பான்ஷாய் செய்தி அனுப்பினான்.
கோபமில்லை. சிரிப்பு முகம்கூட ஒன்று வைத்திருந்தான்.
மூன்றாவது பாட்டை நாங்க வாசிக்கவே இல்லையே ப்ரோ.
கிடார் தந்தி அறுந்துபோச்சு.
வேற தந்தி கீழே ஸ்கூட்டர்ல.
நாலு நிமிஷம் சும்மா நின்னோம்.

காதால் வாங்குவதற்கும் வாயால் விசாரிப்பதற்கும்
நம்மிடம் ஒரே வினைச்சொல்.
இரண்டில் ஒன்றைக்கூடச் செய்யாமல்
நானூறு சொற்கள் எழுதியிருக்கிறேன்.

அந்த நாலு நிமிடத்தில் என்ன கேட்டது என்று கேட்டேன்.
ரொம்பத் தாமதம்தான்.
அவன் யோசித்து யோசித்து, இடைவெளி விட்டு அனுப்பினான்:
சமையலறையில் தட்டு கழுவும் சத்தம்.
கழிப்பறையில் கை உலர்த்தும் மெஷின்.
யாரோ ஒரு பெண், போனில், கன்னடத்தில்,
சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு, மீட்டர் பெட்டி மேல.
டிரம்மருக்குத் தும்மல் வந்தது, மைக்கில் விழுந்தது,
அதற்குக் கைதட்டினார்கள்.

அபர்ணா ஹெக்டேயிடம் நானே போய்ச் சொன்னேன்.
எட்டரையை அடித்தார்.
பூஜ்யம் போடவில்லை, வெறும் கோடு.
நாற்பதுகூட வேண்டாம், ஒன்பது போதும் என்று
அவரே எழுதிக் கொடுத்தார்:

சென்ற இதழில் குறிப்பிட்ட மூன்றாவது பாடல்
அன்று பாடப்படவில்லை. பிழைக்கு வருந்துகிறோம்.

வருந்துகிறோமாம்.
அந்தப் பன்மையில் யார் யார் இருக்கிறார்கள் என்று
எண்ணிப் பார்த்தேன்.
சிமெண்ட் லாரிக்காரரைச் சேர்த்தால் இரண்டு பேர்.

இன்று ஊர் திரும்பும் பஸ், அத்திபெலே தாண்டுகிறது.
ஹெட்போனைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன்.
முன்சீட்டுக்காரர் இருமுகிறார்,
இரண்டு தடவை, அப்புறம் ஒன்று.
மணி 9.52.
குறித்துக்கொண்டேன்.