பதினோரு நாள்

சித்தூர் கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை பெஞ்சில்
வேலாத்தாவின் தமிழை மலையாளமாக்குகிறேன்.
மேல்முறையீடு பதினோரு நாள் தாமதம்.
ஒவ்வொரு நாளுக்கும் காரணம் காட்ட வேண்டும்.

மொத நாள் தீர்ப்பு வெளங்கலீங்க.
ரெண்டாம் நாள் வெளங்குச்சு, படுத்துட்டனுங்க.
மூணாம் நாளிருந்து எருமைக்கு வவுறு உப்பசம்;
கோபாலபுரத்து டாக்டர்
செக்போஸ்ட் தாண்டி வரமாட்டேனுட்டார்.
எட்டாம் நாள் புதைச்சோம்.

எங்கே?

குரலைத் தாழ்த்துகிறாள்:
அந்த வரப்போரமாத்தானுங்க.

அதை நான் எழுதவில்லை.

ஒன்பது, பத்து அவளுக்கு ஞாபகமில்லை.
காய்ச்சல் என்று போட்டேன்;
வக்கீல் சசிதரன் எல்லோருக்கும் காய்ச்சல்தான் போடுவார்.

மூன்றடி வரப்பை
‘வரம்பு’ என்று எழுத வேண்டும், அதுதான் மலையாளம்.
தமிழில் படித்துப் பார்த்தேன்,
பேனா கொஞ்சம் நின்றது.

சரி, பதினொன்றாம் நாள்?

பஸ்சுக்குக் காசில்லீங்க. கைமாத்து கேக்கப் போனேன்.

யாரிடம்?

ஆறுக்குட்டிகிட்டத்தான்.

பிரதிவாதியிடமா?

பக்கத்துல வேற யாரு இருக்கா, சொல்லுங்க.

கொடுத்தானா?

குடுத்தான்.
போக மட்டும்.