கால் சுற்று

மூன்று குளிர்காலமாக வண்டி வலப்பக்கம் இழுத்தது.
நேரே போக வேண்டுமென்றால்
இடப்பக்கம் போவதாக நினைத்து ஓட்ட வேண்டும்.
நெப்ராஸ்காவில், இந்த மணல்மேட்டுப் புல்வெளியில்,
சாலைகள் அதிகம் வளைவதில்லை.
சமாளித்துவிட்டேன்.

நவம்பரில் மாடுகளுக்கு உப்புக்கட்டி ஏற்றிப் போகையில்
வாயிற்கம்பிகள் மேல் ஏறியதும்
ஸ்டியரிங் என் கைகளை உதறியது,
நனைந்த நாய் உடம்பை உதறுமே, அப்படி.
இறங்கி, ஜாக்கி வைத்துத் தூக்கி,
சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன்.
ஆடியது,
ஏழு வயதுப் பிள்ளையின் முன்பல்லாக.

கிங்பின் போய்விட்டது. புஷ்ஷும்.

அறுபத்தாறாம் வருடத்து ஃபோர்டு பிக்கப்.
ஏலத்தில் நானும் லீராய் வாவ்ராவும்
பாதிப் பாதி போட்டு வாங்கியது.
முதல் மூன்று நாள் எனக்கு, அடுத்த மூன்று அவருக்கு,
ஞாயிறு மட்டும்
சாவியை யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கு.
வாங்கிய வருடமே புஷ் மாற்றியது நான்.
மாதாமாதம் கிரீஸ் அடிப்பது அவர் பொறுப்பு.

ஆறே வருடத்தில் கடகடக்கத் தொடங்கியது.
அடித்தீர்களா என்றேன்.
அடித்தேன் என்றார்.
அடித்தால் ஏன் ஆடுகிறது?
ஒரு மாதம் விடாமல் அடித்தேன், ஆர்லிஸ்.
பொய், என்றேன்.
தீவனக் கடை வாசலில், நாலு பேர் பார்க்க.
மறுநாள் என் தபால்பெட்டியில் அவருடைய சாவி கிடந்தது.
பாதிப் பணத்தைக் கேட்கவும் இல்லை.

பூட்டு ஊசியைத் தட்டி எடுக்க ஒரு மணி நேரம்.
கிங்பின்னுக்கு மூன்று நாள்.
துரு எண்ணெய் ஊற்றி, காத்திருந்து, மறுபடி ஊற்றி,
ஆக்ஸிலின் கண்ணை டார்ச்சால் சூடாக்கி,
நாலு கிலோ சுத்தியல்.
கையுறை போட்டால் பிடி நழுவுகிறது,
கழற்றினால் குளிர்ந்த இரும்பு தோலைக் கேட்கிறது.
எங்கள் குடும்பத்தில் செக் மொழி என்று மிச்சமிருப்பது
ஐந்தாறு வசவுகள்தான்.
அத்தனையும் செலவாயின.

மூன்றாம் நாள் விளக்கு வைத்தபிறகு
துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம்.
கொட்டகைப் பூனை டிராக்டருக்கு அடியில் பாய்ந்தது.
பின் எள்ளளவு இறங்கியிருந்தது.
எள்ளளவு போதும்.

பழைய புஷ்ஷைப் பிடுங்குமுன் துடைத்தேன்.
நிப்பிளின் துளை ஒரு பக்கம் பார்த்தது.
புஷ்ஷின் துளை
கால் சுற்றுத் தள்ளி வேறெங்கோ பார்த்தது.
நிப்பிளுக்குப் பின்னால், போக வழியில்லாமல்,
மெழுகாக இறுகி நின்றது கிரீஸ்.
சிவப்பு கிரீஸ்.
இந்தப் பக்கத்தில் அதை வாங்குபவர் லீராய் ஒருவர்தான்.
உள்ளே போகாதது வெளியே வழிந்திருக்கும்.
நிறைந்துவிட்டது என்று துடைத்துவிட்டுப் போயிருப்பார்,
மாதாமாதம்.

அந்த புஷ்ஷைத் தட்டி இறக்கிய கை என்னுடையது.
புல் வெட்டிப் போட்டிருந்த நாள்,
மேற்கே மழை கறுத்திருந்தது, அவசரம்.
பார்க்கவில்லை.

கொட்டகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தது
பிறகுதான் தெரிந்தது.

புது புஷ்ஷில் முதலில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தேன்.
இறக்கியபின் பார்த்தேன்.
நள்ளிரவில் எழுந்து வந்து இன்னொரு முறை.
ஆர்டு ஊரில் இரவல் வாங்கிய ரீமரால் துளையை இழைத்து,
கட்டைவிரல் அழுத்தத்துக்குப் பின் இறங்கும்வரை இழைத்து,
பேரிங், ஷிம், பூட்டு ஊசி.
கிரீஸ் அடித்தேன்.
மேலேயும் கீழேயும் மெல்ல எட்டிப் பார்த்தது.

லீராய் தொட்டியில் பனிக்கட்டி உடைத்துக்கொண்டிருந்தார்.
வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தை
இஞ்சினை அணைத்ததும் நின்றுவிட்டது.
பழைய புஷ்ஷை நீட்டினேன், துளையில் கம்பியோடு.
கோடரியைச் சாய்த்தார்.
மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டினார்.
வானத்துக்கு எதிரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கால் சுற்று," என்றார்.
"கால் சுற்று," என்றேன்.

வண்டியைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார்.
ஏறி உட்கார்ந்து
ஒற்றை விரலால் ஸ்டியரிங்கை அசைத்தார்.
சாவி அதிலேயே இருந்தது.

"இன்று என்ன கிழமை?"
"ஞாயிறு."

கதவைச் சாத்திக்கொண்டு கிளப்பினார்.
நான் வீட்டுக்கு நடந்து வந்தேன்.
இரண்டு மைல்,
எதிர்க்காற்று.