மூன்று லீற்றர்

மிக்சர் டீசலில் ஓடும். அதற்கு முதலாளி
எங்கோ பிடித்து ஒரு கான் வைத்திருந்தார்.
வைப்ரேட்டருக்குத்தான் பெற்றோல்.
உப்புவெளி ஹோட்டல், இரண்டாம் தட்டு,
கலவை விழத் தொடங்கியாயிற்று;
இனி நிறுத்த ஏலாது.

என் பைக்கின் டியூபை உருவி
வாயால் இழுத்தேன்.
கியூஆர் தந்த கிழமைப் பங்கு
நாக்கைத் தொட்டுக்கொண்டு எஞ்சினுக்குப் போனது.

தோஹாவில் இதே கைகளைப்
பெற்றோலில் கழுவியிருக்கிறேன்,
பலகை எண்ணெய் போக.
போர்மன் பார்த்துக்கொண்டு நிற்பான்.
தண்ணீரைச் சிந்தினால்தான் ஏச்சு.
மாலைதீவில் பீப்பா தோணியில் வரும்;
கடல் குழம்பினால் வேலையில்லை,
மீன் பிடித்தோம்.

இங்கே
சீனன்குடாக் காட்டுக்குள்
யாரோ யாருடனோ போரிடக் கட்டிய தாங்கிகள்.
ஒருமுறை ஒன்றுக்குள் நின்று
"ஓய்" என்றேன்.
ஓய் ஓய் என்று விளிம்புவரை நிறைந்தது.
நிறைய வேறொன்றும் இருக்கவில்லை.

மூலை பீமுக்கு வந்தபோது
இருமி நின்றது எஞ்சின்.
சுகிர்தன் கம்பி எடுத்தான். நானும்.
குத்தினோம், குத்தினோம்,
பலகையைச் சுத்தியலால் தட்டினோம்,
காற்று வெளியே வரும்வரை,
வந்ததாக நினைக்கும்வரை.

பலகை கழற்றப் பதினான்கு நாள்.
உள்ளே சல்லி பல்லிளித்துத்
தேன்கூடு விழுந்திருக்கிறதா,
அதுவரை பீமுக்கு மட்டும் தெரியும்.

பைக்கைத் தள்ளிக்கொண்டு
நிலாவெளி வீதியால் நடக்கிறேன்.
குடித்த தேத்தண்ணியிலும் பெற்றோல்,
ஏவறையிலும்.
எதிரே ஆரும் பீடி பற்றவைத்தால்
கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.