பின் கண்ணாடி

தரமணி வாட்டர் வாஷில்
வண்டியை ஒரு சுற்று வந்து பார்த்த டில்லிபாபு
"மண்ணுக்குத் தனியா முந்நூறு ஆகும் மேடம்" என்றார்.
பேரம் பேசவில்லை.
இருபத்தியோரு நாள் மண்.

தண்ணீர் பட்டதும் முதலில் இறங்கியது ஜெய்சல்மேர்,
மஞ்சளாய், பிடிப்பில்லாமல்.
அதற்கடியில் ஸ்பிதி,
சாம்பல் நிறம், திருநீறு குழைத்துக் காய்ந்த மாதிரி.
அதற்கும் அடியில், சக்கர மடிப்பில்,
கிளம்பிய அன்று அப்பிக்கொண்ட
மடிப்பாக்கத்துச் சேறு. கறுப்பு.
பள்ளத்தில் இறங்கி ஏறியதும்
"ஆஃப் ரோடு இங்கேயே ஆரம்பிச்சிடுச்சு" என்று
லெனின் கைதட்டினானே, அது.
மூன்றும் ஒரே சாக்கடையில் போயின.
ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

குன்சும் கணவாயில்
அடையாறில் வாங்கிய முறுக்குப் பொட்டலம்
பந்தாக உப்பிவிட்டது.
லெனின் அதைக் காதில் வைத்துக் கேட்டான்.
"நம்ம ஊர் காத்துடா உள்ள" என்றார் சேவியர்.
மூச்சு வாங்கச் சிரித்தோம்.
நால்வரும் சேர்ந்து சிரித்தது
அதுதான் கடைசி, ரொம்ப நாளைக்கு.

மறுநாள் ஓர் ஓடை.
மதியத்துப் பனி உருகிப்
பாதையின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது.
காத்திருக்கலாம் என்றார் அவர்.
ஓட்டுவது நான் என்றேன்.
இறக்கினேன். நடுவில் ஒரு பாறை.
பம்பரின் இடது மூலை போயிற்று.
அதை அவர் சொல்லிக்காட்டவில்லை.
சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.
சொல்லாததால்
வேளச்சேரி வீட்டுக் கடன் வந்தது, பெண்ணின் பள்ளிக்கூடம் வந்தது,
பதினாறு வருஷமாய் யார் பேச்சை
யார் கேட்டது என்பது வந்தது.
இவ்வளவையும் நாங்கள் பேசவே இல்லை.
கண்ணாடியை ஏற்றிவிட்டு
உள்ளே உட்கார்ந்திருந்தோம்.

காசாவில் தங்கிய இரவு
ஜோவிட்டா மட்டும் வெளியே போய்
குளிருக்கு வாசலின் பூசிய விரலால்
பின் கண்ணாடித் தூசியில் எழுதினாள்:
வீட்டுக்குப் போலாம்.
பெட்ரோல் பங்கில் பார்த்தேன்.
சேவியரும் பார்த்தார்.
யாரும் துடைக்கவில்லை.
அடுத்த நூறு கிலோமீட்டரில்
மலையே அதை மூடிவிட்டது.

அப்புறம் மணல்.
தார் என்று பேர் வைத்த பாலைவனத்தில்
தார் போட்ட ரோடு முடிந்த இடம்.
புதைந்த சக்கரத்தை நான் மேலும் சுழற்றச் சுழற்ற
வண்டி வயிறு வரை இறங்கிற்று.
அவர் கதவைத் திறந்துகொண்டு போய்
ஒவ்வொரு டயராகக் குந்தி
காற்றை இறக்கினார்.
உஸ்ஸ்ஸ்.
பாலையில் அது எவ்வளவு பெரிய சத்தம்.
நாலாவது டயரில் நானும் போய்க் குந்தினேன்.
"போதுமா?" என்றேன்.
"பதினெட்டு வரட்டும்" என்றார்.
பத்து நாளில் எங்கள் நீண்ட உரையாடல்.

இன்று முந்நூறும் ஐந்நூறும் கொடுத்து
பளபளவென்று கிளம்பி
விஜயநகர் சிக்னலில் நிற்கிறேன்.
மழை இன்னும் வரவில்லை, வரப்போகிற புழுக்கம்.
ஏசியைக் கூட்டி வைத்தாள் ஜோவிட்டா,
போனிலிருந்து தலை எடுக்காமல்.
பின் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்க்கத் தொடங்கியது.
வியர்க்காத இடங்கள் மட்டும்
ஒவ்வொன்றாய்,
வீ,
ட்,
டு.

டில்லிபாபுவின் நுரைக்கும் போகாத வாசலின்.
வெளியே எழுதியது; உள்ளிருந்து
திரும்பிப் பார்க்கிறவர்களுக்கு இடவலம் மாறித் தெரியும்.
ஓட்டுகிறவளுக்கு மட்டும்
மேலே தொங்கும் சின்னக் கண்ணாடியில்
நேராக.

அவளைக் கூப்பிட்டுக் காட்டவில்லை.
கூப்பிட நினைத்தபோது தொண்ணூறு வினாடி இருந்தது,
பிறகு நாற்பது,
பிறகு பச்சை.
நான் இன்னும் நகரவில்லை.
பின்னால் சாப்பாட்டுப் பையோடு ஒரு பைக்காரர்
ஹாரனை எடுக்காமல் அடித்துக்கொண்டிருக்கிறார்.
அவரும் படித்திருப்பார்.