மிதிபலகை

ஓடுகிற பஸ்ஸில் எனக்கு ஒன்றுமில்லை.
ஆமர் வீதித் திருப்பத்தில் பிரியந்த எப்படி வெட்டினாலும்
தோளைக் கம்பியில் சாய்த்தபடி
எட்டுப் பேருக்கு மிச்சக்காசு கொடுப்பேன்.
பஸ் நின்றால்தான் கொழும்பு ஓடத் தொடங்குகிறது.

முதல் தடவை கொட்டாஞ்சேனையில்.
இறங்கினேன், தார் வீதி தோணிபோல் அசைந்தது.
பழக்கடையில் கட்டித் தூக்கிய அன்னாசிகள்
வலப்பக்கமாய் ஊர்ந்து போய்
மறுபடி முதலிலிருந்து புறப்பட்டன.
"காலையிலேயேவா?" என்றான் கடைக்காரன்.
ரெஜினா ஒன்றும் கேட்கவில்லை.
வாயை மட்டும் மோந்து பார்த்தாள்.

இரத்தம் பார்த்தார்கள். ஸ்கேன் சுத்தம்.
குளிசை நித்திரையைத் தந்தது,
நித்திரையும் சுற்றியது.

பம்பலப்பிட்டியில் மூன்றாம் மாடி.
லிஃப்டை நம்பாமல் சுவரைப் பிடித்து ஏறினேன்.
முள்ளந்தண்டும் நரம்பும் பார்க்கிற லுடோவைக் மிஸ்
கழுத்தை நெட்டி முறிப்பார் என்றிருந்தேன்.
அவர் என் கண்ணைத்தான் பார்த்தார், வெகுநேரம்.
கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட துணியொன்றை
முகத்துக்கு முன்னால் இழுத்தார்.
வலப்பக்கம் இழுக்கையில் கண் ஒழுங்காய்த் துள்ளியதாம்.
இடப்பக்கம் இழுக்கையில் தடுக்கி விழுந்ததாம்.
கண்ணும் தடுக்கி விழுமா மிஸ்?
"விழும். கால் அதுக்குப் பிறகுதான்."

பஞ்சு மெத்தையில் ஏற்றிக் கண்ணை மூடச் சொன்னார்.
மூன்று எண்ணுவதற்குள் அவர் கையில் கிடந்தேன்,
ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை.

"எந்தக் கையால் கம்பி பிடிப்பீங்கள்?"
இந்தக் கை.
"எத்தனை வருஷம்?"
சொன்னேன். எழுதினார்.
"காதுக்குப் பின்னால் இந்தத் தழும்பு?"
பிரியந்தவின் பிரேக். கதவுச் சட்டம்.
அன்றும் கடைசி ட்ரிப் வரை வேலை செய்தேன்.

கழுத்து ஒன்று சொல்கிறதாம், காது வேறு சொல்கிறதாம்,
கண் நடுவில் நின்று முழிக்கிறதாம்.
சிறுமூளை பாவம்,
யாருக்கென்று டிக்கட் கிழிக்கும்?
(இது நான் சொன்னது. மிஸ் சிரித்தார்.)

பெருவிரலை நீட்டிப் பிடித்து
அதையே பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்ட வேண்டும்,
நாளுக்கு ஐந்து தரம்.
நான் விரலுக்குப் பதில் இருபது ரூபாய் நோட்டைப் பிடிக்கிறேன்.
எழுத்து ஓடாமல் நிற்கவேண்டும்.
தரிப்பில் நின்று இப்படி ஆட்டினால்
காசு வேண்டாம் என்கிறேனாம்.
ஒருத்தி நன்றி சொல்லி
தன் காசோடு இறங்கிப் போனாள்.

ஆறு கிழமை. குணம் என்று சொல்லமாட்டேன்.
இடப்பக்கம் புரண்டால் கூரைத் தகரம்
இன்னும் ஒரு சுற்றுப் போய்த்தான் தன் இடத்துக்கு வருகிறது.

நேற்று மட்டக்குளியில் பஸ் நின்றது.
எஞ்சினும் நின்றது.
மிதிபலகையை விட்டிறங்கி
எதையும் பிடிக்காமல்
கண்ணை மூடி எண்ணினேன்.
பதினொன்றில்
பிரியந்த ஹோர்ன் அடித்தான்.