கிலோ விலை

காதர்பேட்டையில் எங்கள் கடைக்கு
சட்டை எடை போட்டுத்தான் வரும்.
போன செவ்வாய் வந்தது 'கரடு'.
நானூறு கிலோ.

கறுப்பு. தோள் முழங்கைவரை இறங்கும்.
முதுகில் பாறை, பாறைமேல் ஓணான்.
கிள்ளிப் பார்த்தேன்,
நல்ல துணி. பொய் சொல்லக்கூடாது.

நிவாஷ் என்று ஒரு பையன்.
முதல் முந்நூறு பதினோரு நிமிசத்தில் போச்சாம்.
சட்டையையா விற்றான்?
'தீர்ந்துவிட்டது' என்ற சொல்லை விற்றான்.
வாங்கினவன்
வாங்காதவனைப் பார்த்துக்கொண்டே போட்டான்.

அப்புறம் சாயப்பட்டறையில் சொன்னார்கள்,
டன்னுக்குக் குறைஞ்சா தொட்டி நிறையாதுங்.
மூவாயிரம் தைத்தான்.
இப்போது எல்லோருக்கும் இருந்தது.
எல்லோருக்கும் இருப்பதை எவன் போடுவான்?

பத்தாம் நாள் எங்கள் வரிசையிலேயே
'கறடு' தொங்கியது, நூற்றியெண்பது ரூபாய்.
ஓணானுக்கு வால் மட்டும் குட்டை.
நானும்தான் விற்றேன்.

ராசாமணியக்கா பிளேடு வைத்து
லேபிள் பிரிக்கிறாள், ஒன்றுக்கு நாற்பது பைசா.
பிரித்தது அரிசிச் சாக்கில் பாதி இருக்கும்.

நேற்று அவனே வந்தான்,
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
"லேபிளோட ஒண்ணு கிடைக்குங்களா, எல் சைஸ்?
எங்கிட்ட ஒண்ணுகூட இல்லீங்."
"எல்லாம் பிரிச்சாச்சுங்களே."

எடுத்துக் கொடுத்தேன்.
கழுத்தோரம் ஊசி போன ஓட்டைகளை
விரலால் தடவினான்,
கணக்குப் பார்ப்பவன் மாதிரி.

தராசில் வைத்தேன். முந்நூற்றுப் பத்து கிராம்.
"எம்பது ரூபாய்ங்" என்றேன்.

அறுபதுக்குக் கேட்டான்.